ஆயுத பூஜையைத் தாங்கும் ஃபில்டர்

கிழக்குத் தாம்பரம் வந்து ரயில்வே நடைபாலத்தில் ஏறும்போதுதான் கையில் பொரிப் பொட்டலம் இருப்பதைக் கவனித்தேன். வேலையை விட்டு அனுப்பும்போதும் முதலாளி அதைக் கொடுக்க மறக்கவில்லை. பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை, மேலே ஒரு வாழைப்பழம். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். சேலையூரில் எனக்கு இருந்ததெல்லாம் அவ்வளவுதான், அதனால் நடப்பதற்குச் சிரமம் இல்லை.

வழியெல்லாம் பூசணிக்காய் உடைத்த சிவப்பு. கடை வாசல்களில் வாழைக்கன்று, ஆட்டோக்களுக்கு மாலை. ஜெராக்ஸ் மெஷின், லேத், தையல் மெஷின், பஞ்சர் கடையின் காற்றடிக்கும் மெஷின் எல்லாம் குளித்துவிட்டுச் சந்தனப் பொட்டோடு சும்மா இருந்தன. அன்று ஆயுத பூஜை.

நான் போய்க்கொண்டிருந்தது பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்கு. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி இருக்கிறது. அதற்கு என்ன ஃபில்டர் போடுவது என்று நானும் டீச்சரும் மாதக்கணக்கில் யோசித்து முடிவு செய்தோம். நான்தான் பொருத்தினேன். அந்த ஃபில்டருக்கு அன்றுதான் பரீட்சை. மீன் பிழைத்தால் தொட்டி வீட்டில் இருக்கும். செத்தால் தொட்டி மொட்டை மாடிக்குப் போய்த் துளசிச் செடி வளர்க்கும். டீச்சரின் மாமியார் அப்படித்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வேலை போனதற்கும் அதே பூஜைதான் காரணம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெருங்களத்தூரில் பஞ்சர் ஒட்டினேன், படப்பையில் லாரியில் மூட்டை ஏற்றினேன், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை கிளாஸ் கழுவினேன், ஒரகடம் பக்கம் பாதியில் நின்ற ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தேன். எங்கேயும் கால் தங்கியதில்லை. சில நாள் சாப்பாடு இருக்கும், சில நாள் இருக்காது. சேலையூர் மீன் கடையில்தான் அதிக காலம் இருந்தேன். கடைக்கு மேலே, உடைந்த தொட்டிகள் அடுக்கிய அறையில் படுக்கை. கீழே பம்புகள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கடையில் எல்லா ஃபில்டரையும் கழற்றித் தேய்த்துக் கழுவி, பொட்டு வைத்து, மறுநாள் விஜயதசமி வரை ஓட விடாமல் வைப்பது வழக்கம். அன்று காலை மற்ற எல்லாவற்றையும் கழுவிவிட்டு, கடல் மீன் தொட்டிகளின் ஃபில்டர்களை மட்டும் நான் தொடவில்லை. முதலாளி பார்த்துவிட்டார்.

“இன்னாடா, அது மட்டும் இன்னும் ஓடிக்கினு கீது? கழட்டு.”

“அண்ணா, அதை வுட்டுடலாம்ணா. கழுவுனா மீன் செத்துடும்.”

“போன வருசம் கழுவல? அதுக்கு முந்தின வருசம் கழுவல?”

“கழுவுனோம். செத்துச்சே.”

“அது சீசன்டா!”

வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் கடையில் மீன்கள் சாகும். மழை ஆரம்பிக்கிற சமயம் என்பதால் அதற்கு ‘சீசன்’ என்று பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை நானும் பல வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

“சீசன் இல்லண்ணா. நாமதான்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “சாமி விசயத்துல உனுக்கு இன்னா பேச்சு? இதெல்லாம் வயலா இருந்தப்போ ஏருக்கும் மாட்டுக்குமே பொட்டு வெச்சு லீவு வுட்ட இடம் இது. கழுவறதா இருந்தா இரு. இல்லாட்டி கெளம்பு.”

“கெளம்பறேன்ணா.”

நான் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வேன் என்று அவர் நினைக்கவில்லை. பிறகு சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த பொட்டலங்களில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. நான் அங்கிருந்து நேராக நடக்க ஆரம்பித்தேன்.

சீசன் இல்லை, நாம்தான் என்று எனக்குத் தெரிய வந்தது போன வருஷம்.

டீச்சர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவர். மாதக்கணக்கில் எங்கள் கடைக்கு வந்து கடல் மீன் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டுப் போவார். ஒருநாள் துணிந்து ஒரு தொட்டி வாங்கினார். மீனோடு உயிருள்ள பவளமும் வளர்க்க ஆசை. நம் கடலில் பவளத்தை எடுக்கக் கூடாது, அது சட்டம். அவர் வாங்கியது, தொட்டியிலேயே வெட்டி வெட்டிப் பெருக்கிய மெத்தென்ற வகை. சட்டைப் பொத்தானைப் பரப்பி வைத்த மாதிரி ஒன்று, காளான் மாதிரி ஒன்று. கூடவே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி.

முதலாளி சிபாரிசு செய்தபடி கேனிஸ்டர் ஃபில்டர் போட்டோம். மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும். தண்ணீரை உறிஞ்சி, உள்ளே இருக்கிற ஸ்பாஞ்ச், பீங்கான் வளையங்கள் வழியாக விட்டு, திரும்பத் தொட்டிக்கு அனுப்பும். பல மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆயுத பூஜை வந்தது. அந்த வாரமே மீன் இரண்டும் போய்விட்டன, பவளம் சுருங்கிக் கரைந்துவிட்டது.

தொட்டி இருந்த மூலை, மாமியார் வருஷா வருஷம் கொலு வைக்கும் மூலை. மருமகள் ஆசைப்பட்டாள் என்று கொலுவைப் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டு, வருகிறவர்களைக் கட்டில் ஓரமாக உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தவர் அவர். “போனது போகட்டும். இன்னொரு தடவை பண்ணிப் பாரு. அதுவும் போச்சுன்னா அந்த மூலை எனக்கு” என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான்.

‘ஃபில்டர் பத்தல, பெருசு போடு’ என்று முதலாளி ஒரு பெரிய கேனிஸ்டரைக் கொடுத்து என்னை அந்த வீட்டுக்கு அனுப்பினார். பழையதைக் கழற்றக் கீழே குனிந்தேன். மூடிக்கு நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“இதையும் கழுவினீங்களா டீச்சர்?”

“பின்ன? எல்லா மெஷினையும்தானே கழுவுவோம்” என்றார். உள்ளே இருந்த வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாக பிரஷ் போட்டு வெள்ளை வெளேரென்று தேய்த்து, பூஜையில் வைத்து, மறுநாள்தான் எடுத்து ஓட விட்டிருக்கிறார்.

“கடையிலயும் நாங்க இப்படித்தான் கழுவுவோம்” என்றேன், அவருக்கு ஆதரவாக.

அவர் ஒரு வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “கழுவினப்புறம் கடையில மீன் சாகுமா?”

“வருஷா வருஷம். சீசன் டீச்சர்.”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தார், எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாக மாறும். அந்த விஷத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இந்த வளையங்களில் குடியிருக்கின்றன. ஃபில்டர் என்றால் வாளி இல்லை, அதுகள்தான். குழாய்த் தண்ணீரில் தேய்த்ததில் பாதி செத்திருக்கும், மூடின வாளிக்குள் ஒரு நாள் மூச்சுக்கு வழியில்லாமல் மீதி செத்திருக்கும். “நானும் உங்க முதலாளியும் சேர்ந்து ஒரு ஊரையே காலி பண்ணிட்டு அதுக்குப் பொட்டும் வெச்சிருக்கோம்” என்றார். பெரிய கேனிஸ்டரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

அடுத்த தடவை கழுவாமல் விட்டால் போதும் என்று இருவருமே நினைத்தோம். மாமியாரிடம் சொன்னபோதுதான் அது நடக்காது என்று தெரிந்தது.

“மிக்ஸிக்குப் பூஜை உண்டு, கிரைண்டருக்கு உண்டு, என் பையன் லேப்டாப்புக்கே உண்டு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரி பகலா உழைக்கிறது இதுதான். இதுக்கு ஒரு நாள் லீவு கிடையாதா?”

அவர் ஃபில்டரின் பக்கம் நின்று பேசினார்.

அதன் பிறகு கடை விடுமுறை நாளில் எல்லாம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். டீச்சர் புத்தகத்தில் படித்ததைச் சொல்வார், நான் கையால் செய்ததைச் சொல்வேன். தொட்டியின் பின்னால் மாட்டுகிற சின்ன ஃபில்டரைப் பேசினோம். அதிலும் ஸ்பாஞ்ச்தான், அதையும் கழுவத்தான் தோன்றும். மணலுக்கு அடியில் சல்லடைத் தட்டு போடுகிற பழைய முறையைச் சொன்னேன். அதைக் கழற்றவே முடியாது, அதனால் யாரும் கழுவ முடியாது என்பது என் கணக்கு. மணலுக்கு அடியில் அழுக்கு சேர்ந்து ஒருநாள் மொத்தமாகக் கெடுத்துவிடும் என்று டீச்சர் அதைத் தள்ளிவிட்டார். அவர் தள்ளியது சரி.

அடுத்து எனக்குத் தோன்றியதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

“டீச்சர், மெஷினும் உயிரும் ஒரே வாளிக்குள்ள கீது. அதுதான் தொந்தரவு. ரெண்டையும் பிரிச்சிட்டா? உயிர் எல்லாம் மேல தொட்டியில, பாறையில இருக்கட்டும். மெஷின் எல்லாம் தனியா கீழ இருக்கட்டும். மெஷினை அம்மா எவ்ளோ வேணாலும் கழுவட்டும்.”

டீச்சர் உடனே ஒரு பேப்பரில் படம் போட ஆரம்பித்தார். நுண்ணுயிர்களுக்கு இடம் போதுமா, எவ்வளவு பாறை வேண்டும், எத்தனை மீன் தாங்கும் என்பதெல்லாம் அவர் வேலை. தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் இன்னொரு தொட்டி, அதுதான் சம்ப். மேலே இருந்து வழிகிற தண்ணீர் அங்கே இறங்கும். அங்கே ஒரு துணிப் பை, ஸ்கிம்மர் என்கிற நுரை எடுக்கும் குழாய், தண்ணீரை மேலே ஏற்ற ஒரு பம்ப். நுரையோடு அழுக்கும் ஏறி, மேலே உள்ள கிண்ணத்தில் வடியும். மாமியார் எட்டிப் பார்த்தார்.

“கீழ சம்ப், மேல டேங்க், நடுவுல மோட்டார். நம்ம வீடு மாதிரிதானே? இதைச் சொல்லவா இத்தனை வாரம் உக்காந்து டீ குடிச்சீங்க?”

பாறைகளை நாங்களே செய்தோம். சிமெண்டும் உடைத்த சிப்பியும் கலந்து, மணலில் குழி பறித்து ஊற்றி எடுத்தோம். மொட்டை மாடியில் டிரம்மில் ஊறப் போட்டு, சிமெண்டின் காரம் போகும்வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு தொட்டியில் உப்புத் தண்ணீரில் அடுக்கி, மீன் ஒன்றுகூட விடாமல் காத்திருந்தோம். வெறும் கல்லை வைத்துக்கொண்டு விளக்கு போட்டுப் பார்க்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். டீச்சர் சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டே இருந்தார். நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி, ஒருநாள் அவர் எதிர்பார்த்த நிறம் வந்தது. பாறையில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள் என்று கடைக்கே போன் போட்டுச் சொன்னார்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. முதன்முதலில் பம்பை ஓடவிட்ட அன்று கரண்ட் போனது. பம்ப் நின்றதும், மேலே தண்ணீர் ஏற்றின அதே குழாய் வழியாகத் தண்ணீர் கீழே உறிஞ்சிக்கொண்டு இறங்கி, சம்ப் நிறைந்து, கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். நாலு பக்கமும் துணி போட்டுத் துடைத்தோம். அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று நுழைந்து, உறிஞ்சுவது நின்றுவிடும். மாமியாரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் பம்பை நிறுத்திக் காட்டினேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. “சரி” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் பல நாள் நினைத்துக்கொண்டேன்.

ஸ்கிம்மரை அவருக்குப் பிடித்துப்போனது. கிண்ணத்தில் சேரும் நாற்றமடிக்கும் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அழுக்கா இந்தக் கண்ணாடிக்குள்ள இருந்துச்சு?” என்று அவரே எடுத்துக்கொண்டு போய் பாத்திரம் தேய்க்கும் சபீனாத் தூள் போட்டுத் தேய்க்கப் போனார். சோப்புத் தூள் மட்டும் கூடாது, வெறும் தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம் என்று சொன்னேன். கழுவக் கழுவ நல்லது அது. அந்த வீட்டுக்கு அதுதான் சரியான மெஷின்.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பூஜையன்று பம்பும் ஸ்கிம்மரும் ஓய்வெடுத்தால், மேலே தொட்டியில் தண்ணீர் அசையாது. அசையாத தண்ணீரில் மீனுக்கும் மூச்சு இருக்காது, பாறையில் இருப்பவர்களுக்கும் இருக்காது. தொட்டிக்குள் அலை கிளப்ப ஒரு சின்ன விசிறி பம்ப் வைத்திருந்தோம். அதையாவது ஓட விட வேண்டும். டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அத்தை, ஆயுத பூஜைக்கு ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணுவோமா?”

“பால் கெட்டுடாதா? பொட்டு மட்டும்தான்.”

“சீலிங் ஃபேன்?”

“பொட்டு வைப்போம். ஓடும்.”

“இது தண்ணிக்குள்ள ஓடுற ஃபேன், அத்தை.”

மாமியார் தொட்டிக்கு அருகே போய் அந்த விசிறியை வெகு நேரம் பார்த்தார். “ஓடட்டும். பொட்டை வெளியில ஒயர்ல வை” என்றார். நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றோம்.

விசிறிக்கு இன்வெர்ட்டரில் இருந்து இணைப்பு கொடுத்தேன், கரண்ட் போனாலும் ஓடும்படி. புதிய கோமாளி ஜோடியும், வேறொருவர் தொட்டியில் வெட்டிய பவளத் துண்டுகளும் வந்தன. பொத்தான் பவளங்கள் விரிந்தன.

அதைப் பார்க்கத்தான் அன்று நடந்துகொண்டிருந்தேன். இரும்புலியூர் தாண்டியதும் தூறல் பிடித்தது. பீர்க்கன்கரணைக்குள் நுழையும்போது தெருவில் ஒரு வீட்டிலும் மின்விசிறிச் சத்தம் இல்லை. கரண்ட் போயிருந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வீட்டுப் படி ஏறினேன்.

கூடத்தில் டீச்சரின் கணவர் தலையைக் குனிந்து நின்றார். பேங்க்கில் வேலை பார்ப்பவர், அதிகம் பேச மாட்டார். பூஜைத் தட்டுகளுக்கு அருகே பம்ப், ஸ்கிம்மர், மிக்ஸி, லேப்டாப். இன்வெர்ட்டருக்கும் பெரிய பொட்டு.

“துடைச்சு, டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, பொட்டு வெச்சு ஆஃப் பண்ணிட்டேன்பா” என்றார் என்னிடம். “அதுவும் மெஷின்தானே?”

அதை நாங்கள் மூவருமே யோசித்திருக்கவில்லை. விசிறி நின்றுபோய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கோமாளிகள் இரண்டும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பொத்தான்கள் சுருங்கியிருந்தன. டீச்சரின் கை இன்வெர்ட்டர் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பூஜை பண்ணித்தான் அதை எடுக்கணும்” என்றார் மாமியார் மெதுவாக. மீன்களைப் பார்த்தார். “தண்ணி அசைஞ்சா போதுமா?”

“அசையணும்மா. காத்து கலக்கணும்” என்றேன்.

“கை மெஷின் இல்லையே” என்று சொல்லிவிட்டு, பூஜை அலமாரியில் இருந்து பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயோ அத்தை, பித்தளை வேணாம்! அதுல செம்பு இருக்கு, பவளம் செத்துடும்!”

“அப்போ பாத்ரூம் மக்?”

“சோப்பு!”

“ரெண்டு பேரும் என்னத்ததான் வளர்க்கிறீங்க?” என்று அலுத்துக்கொண்டே உள்ளே போய், எவர்சில்வர் சொம்பு ஒன்றோடு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். தொட்டியிலேயே தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, மெல்லிய தாரையாக ஊற்றினார். நுரை பொங்கியது. திரும்ப மொண்டார், திரும்ப ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. “இத்தனை வருஷம் காபி ஆத்தின கை” என்றார்.

ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஆற்றினோம். மாமியார் மாதிரி உயரத் தூக்க எங்களால் முடியவில்லை. டீச்சர் வீட்டு சார் ஊற்றியபோது பாதி தரையில் விழுந்தது. அவரை இறக்கிவிட்டு, துடைக்கச் சொன்னார்கள். நான் ஏறினேன். தோள் வலித்தது. மூட்டை ஏற்றுகிற வேலையில்கூட நடுவில் உட்கார விடுவார்கள். சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னக்கா, மீனுக்குக் காபியா?”

“ஆமா. டிகாக்‌ஷன் மட்டும் போடல” என்றார் மாமியார்.

கொஞ்ச கொஞ்சமாக மீன்கள் மேல்மட்டத்தை விட்டு இறங்கின. ஒன்று பாறைக்குப் பின்னால் போய், மறுபடி எட்டிப் பார்த்தது. நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாமியார் கேட்டார், “இன்னைக்குக் கடை இல்லையாப்பா?”

“கடை கீதும்மா. நான்தான் இல்ல.”

காரணத்தைச் சொன்னேன். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமியார் கையைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டார். “நல்ல நாள் அதுவுமா யாராவது வேலையை விடுவாங்களா?” என்றார் மாமியார். என் கையில் இருந்து சொம்பை வாங்கிக்கொண்டு அவர் ஏறினார்.

பொழுது சாயும் நேரத்தில் கரண்ட் வந்தது. இன்வெர்ட்டர் ஆஃபில் இருந்தாலும் நேராக வந்த கரண்டில் தண்ணீருக்குள் விசிறி சுழன்றது. சொம்பை வைத்துவிட்டு எல்லோரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். என் பொரிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தேன். பொத்தான்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அடுத்த வாரம் முழுக்கக் குப்பிகளில் சோதித்தும் தண்ணீரில் விஷம் காணவில்லை, ஒன்றும் சாகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாளியையும் வளையத்தையும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. நான் சேலையூர் கடையில் எத்தனையோ தொட்டிகளுக்கு ஃபில்டர் மாட்டியிருக்கிறேன். யோசித்துத் தேர்ந்தெடுத்தது இது ஒன்றுதான். கடையில் அன்று என்ன செய்தார்கள், மீன்கள் என்ன ஆயின என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

மாமியார் பொரியை மென்றுகொண்டே தொட்டியையும் மூலையையும் அளவெடுப்பது போலப் பார்த்தார்.

“கொலுவில கீழ்ப் படிக்கும் கீழே தெப்பக்குளம் வைப்பேன். தட்டுல தண்ணி ஊத்தி, பிளாஸ்டிக் வாத்து விட்டு. அடுத்த வருஷம் ரெண்டு பக்கமும் படி கட்டி, இதை நடுவுல விட்டுடலாம். நெசமான மீனே இருக்கு, வாத்து எதுக்கு?”

டீச்சர் அவர் தோளில் சாய்ந்துகொண்டார். “எழுந்திரு, கை வலிக்குது” என்றார் மாமியார். ஆனால் நகரவில்லை.

பிறகு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். “ஏம்ப்பா, எங்க வீட்டு சம்ப் கழுவ வருவியே, உனக்கு ஆள் வேணும்னு சொன்னியே? ஒரு தம்பி இருக்கான். தண்ணி எங்க ஏறும், எங்க இறங்கும்னு தெரிஞ்ச பையன். நாளைக்கு விஜயதசமி, நாளைக்கே ஆரம்பிக்கட்டும்.” என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று அவர்கள் மாடி அறையில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில், தரையில் இருந்த சதுர மூடியைத் தூக்கி வைத்துவிட்டு அந்தச் சம்ப் கழுவும் ஆள் எனக்காகக் காத்திருந்தார். தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்திருந்தார். அடியில் சேறு, சுவரெல்லாம் பச்சை வழவழப்பு.

“முன்ன இன்னா வேலை பண்ணிக்கினு இருந்த?”

“மீன் தொட்டிக்கு ஃபில்டர் போட்டுக்கினு இருந்தேண்ணா.”

“அப்போ பாசி பார்த்து பயப்பட மாட்ட. எறங்கு.”

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். மேலே இருந்து பிளீச்சிங் பவுடர் வாளியும் நீளக் கைப்பிடி பிரஷும் வந்தன. இங்கே எந்த உயிரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஒரு மூலையில் ஆரம்பித்து, வெள்ளைச் சிமெண்ட் தெரியும்வரை தேய்த்தேன்.